கத்தி வாங்கினால் ரசீதும் வாங்குங்கள்

மூன்றாவது தடவை கழுவும்போதுதான் கவனித்தேன். பஞ்சு பட்ட இடத்தில் அலகின் அலைக்கோலம் மங்கியிருந்தது. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். அந்த இடம் வெறும் வெள்ளைத் தகடாகிவிட்டது. நான் 1,350 வெள்ளி கொடுத்து வாங்கிய கத்தி. அதுவரை சேர்த்தவை எல்லாம் ஐம்பது, அறுபது வெள்ளிச் சாமான்கள். "ஜப்பான் டமாஸ்கஸ், 67 அடுக்கு, நடுவில் விஜி-10 எஃகு" என்று விற்றவர் மூச்சுவிடாமல் சொன்னார். காப்பார் பக்க ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய அப்பா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஒரு மரம்கூட வெட்ட முடியாதுடா" என்றார்.

டமாஸ்கஸ் என்ற பெயருக்கு மயங்காத கத்திப் பிரியர் குறைவு. மேற்காசியாவில் புகழ்பெற்ற அந்தப் பழைய வாள்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து மூசை உருக்கு போனது என்பது நமக்கு ஒரு பெருமையும்கூட. இன்று அந்தப் பெயரில் விற்பது வேறு. இருவகை எஃகை அடுக்கடுக்காக வைத்துச் சுட்டு, அடித்து ஒட்ட வைக்கிறார்கள். பிறகு அமிலத்தில் நனைத்தால் ஒரு வகை கறுக்கும், மற்றது வெளுப்பாக நிற்கும். கோலம் அலகின் உடம்பிலேயே இருக்கிறது. போலியில் அது தோல்மேல் குத்திய பச்சை, லேசரால் பொறித்துவிடுகிறார்கள்.

வாங்குமுன் கத்தியின் முதுகைப் பாருங்கள். பிடியருகே, அலகு தொடங்கும் குதிப் பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் அடுக்குகள் மெல்லிய கோடுகளாக அங்கேயும் தெரியும். நடு எஃகு தனிக்கோடாக ஓடும். போலியின் முதுகு மொட்டையாக இருக்கும். தேய்த்தால் அசலும் மங்கத்தான் செய்யும், அதனால் பஞ்சுச் சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஃபெர்ரிக் குளோரைடில் நனைத்தால் அசல் கோலம் திரும்பி வரும். என்னுடையது வரவில்லை.

விற்றவரிடம் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைப் படம் பிடித்து அனுப்பினார். அந்த வரிக்குப் பயந்து பின்வாங்குபவர்கள்தான் அதிகம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன வர்ணனைக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இந்த உரிமையை எந்த அறிவிப்புப் பலகையாலும் பறிக்க முடியாது. விற்பவர் ஒத்துவராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். வழக்கறிஞர் வேண்டாம், நம் வாயே போதும். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத வியாபாரி குற்றவாளியாகிறார்.

என்னிடம் ரசீது இல்லை. வங்கிப் பரிமாற்றச் சீட்டும் வாட்சாப் பேச்சும் இருந்தன, அவையும் சான்றுதான். மனுவை நிரப்பி அதன் படத்தை அனுப்பியதும் பாதிப் பணம் வந்தது. மீதியை நான் துரத்தவில்லை. அது என் சோம்பல், சட்டத்தின் மேல் பழி போட முடியாது.

ஒன்று கவனிக்க வேண்டும். நடுவர் மன்றத்தில் வியாபாரிக்கு எதிராக மட்டும்தான் மனு செய்ய முடியும். உங்களைப் போன்ற இன்னொரு சேகரிப்பாளர் தன் பழைய கத்தியை விற்று ஏமாற்றினால், 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுதான் வழி. பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 997 எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையம் அது. பணம் அனுப்புமுன்பே அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

பணம் போனால் சம்பாதிக்கலாம். கத்தியை வீட்டுக்குக் கொண்டுவரும் வழிதான் எனக்குப் பெரிய கவலை. 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பவருக்குக் குறைந்தது 5 ஆண்டு, அதிகம் 10 ஆண்டு சிறை என்கிறது. பிரம்படியும் விழலாம். எது ஆயுதம்? தாக்கினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும். பாராங் மட்டுமல்ல, ரசம் வைக்கத் தக்காளி நறுக்கும் கத்தியும் அதில் அடங்கும். அதே கத்தி அடுப்படியில் சாமான், நள்ளிரவில் காடியின் இருக்கைக்கு அடியில் ஆயுதம்.

"தற்காப்புக்கு வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டால் போதும் என்று நம் பையன்கள் நினைக்கிறார்கள். கத்தியை ஆயுதமாகத்தான் வைத்திருந்தேன் என்று அவர்களே ஒப்புக்கொள்வது அது. சேகரிப்பாளர் செய்ய வேண்டியது: பெட்டியைப் பிரிக்காமல், ரசீதை உள்ளே வைத்து, காடியின் பின்பெட்டியில் போட்டு, நேரே வீட்டுக்குப் போவது. வழியில் கிள்ளானில் இறங்கி நண்பர்களுக்கு உருவிக் காட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்தால் சோதனையே வராது என்று நான் சொல்லவில்லை. கேட்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கும்.

சிலவற்றை வாங்கவே கூடாது. பொத்தானை அழுத்தினால் அலகு பாய்ந்து வரும் கத்தி, குத்துவாள் இரண்டும் சுங்கத் துறையின் இறக்குமதித் தடைப் பட்டியலில் உள்ளவை. வெளிநாட்டு விற்பனையாளர் "அனுப்புகிறோம்" என்பார். பொதியில் இருப்பது உங்கள் பெயரும் முகவரியும். பழைய கெரிஸ் வாங்குபவர்கள் பிடியைக் கவனிக்க வேண்டும். யானைத் தந்தமாக இருந்தால் 2008 அருகிவரும் உயிரினச் சட்டம் குறுக்கே வரும்.

கத்தியோடு பிடிபட்டால்? கைதுக்கான காரணத்தைக் கேட்கலாம். உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வசதியில்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். யாரோடும் வாக்குவாதம் செய்யாமல், பெயரையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டு வழக்கறிஞருக்காகக் காத்திருங்கள்.

இன்று மாலை உங்கள் காடியின் இருக்கைக்கு அடியிலும் மகனுடைய மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள். கத்தி இருந்தால் எடுத்து வீட்டுக்குள் வையுங்கள்.