நான்கு வாயில்கள்

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிக்கரைகளில் பல ஊர் மக்கள் கூடுகின்றனர். அக்கூட்டத்தில் ஒருவருடைய பணப்பை களவு போகிறது. ஐயத்தின்பேரில் இளைஞர் ஒருவர் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கைது செய்யப்படுகிறார் எனக் கொள்வோம். பறிகொடுத்தவருக்குச் சட்டம் எவ்வாறு துணை நிற்கிறது? கைதானவரை எவ்வாறு காக்கிறது?

பறிகொடுத்தவர் குற்றாலத்திலேயே புகார் அளிக்க வேண்டும் என்பதில்லை. ஊர் திரும்பிய பின் தம் பகுதிக் காவல் நிலையத்திலும் அளிக்கலாம். எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுத்தல் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இவற்றை உறுதி செய்கிறது.

கைதானவரின் நிலை வேறு. அவர் வெளியுலகிலிருந்து பிரிக்கப்படுகிறார். அத்தனிமையில் அவருக்குத் தீங்கு நேராதிருக்கச் சட்டம் நான்கு வாயில்களைத் திறந்து வைத்துள்ளது.

முதலாவது, உறவினர். கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடம் கூற வேண்டும்; அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ கைதுச் செய்தியைத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, வழக்குரைஞர். தாம் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்து பேசும் உரிமையை அரசமைப்பின் 22ஆம் உறுப்பு வழங்குகிறது. வறியோர்க்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்குரைஞரை அமர்த்தித் தருகிறது; 15100 என்னும் எண்ணில் அதன் உதவியை நாடலாம். மூன்றாவது, மருத்துவர். கைதானவரின் உடலைச் சோதித்து, காயங்களைப் பதிந்து, அறிக்கையின் படியை அவருக்கு அளிக்க வேண்டும். நான்காவது, குற்றவியல் நடுவர். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதானவரை நடுவர்முன் நிறுத்த வேண்டும். குற்றாலத்திலிருந்து நீதிமன்றம் உள்ள தென்காசி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்தான். காலத்தாழ்வுக்குத் தொலைவைக் காரணம் கூற இயலாது.

தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது அரசமைப்பின் 20ஆம் உறுப்பு. காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாக மெய்ப்பிக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் நெறி. அடித்துப் பெறும் சொல் உண்மையாகாது என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

காவலில் நிகழ்ந்த மரணங்கள் குறித்து டி. கே. பாசு என்பவர் 1986இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதனையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிமுறைகளை 1996 டிசம்பர் 18 அன்று வகுத்தது. அவை காவல் நிலையங்களில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது.

எனினும், எழுத்து மட்டும் எவரையும் காப்பதில்லை. தென்காசியைப் போலவே தென்தமிழகத்தைச் சேர்ந்த தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், 2020 ஜூன் 19 அன்று வணிகர்களான தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மறுநாள் மருத்துவச் சான்று பெறப்பட்டது. நடுவரின் ஆணையும் பெறப்பட்டது. இருவரும் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் விடியலில் தந்தையும் உயிரிழந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து இவ்வழக்கை விசாரித்தது. அந்நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர், அன்றிரவு தாம் கண்டதை விசாரணை நடுவரிடம் அஞ்சாது எடுத்துரைத்தார். காவலர்கள்மீது மத்தியப் புலனாய்வுத் துறை கொலைக் குற்றச்சாட்டு சுமத்தியது.

சாத்தான்குளத்தில் வாயில்கள் இருந்தன. அவற்றில் நின்றோர் உள்ளே நோக்கவில்லை. மருத்துவர் உடலைக் காண வேண்டும்; நடுவர் முகத்தைக் கண்டு, துன்புறுத்தப்பட்டாயா என வினவ வேண்டும்; உறவினர் உரிமையறிந்து கேட்க வேண்டும். குற்றவாளியைக் கண்டறிவது காவல்துறையின் கடமை. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை கைதானவரும் குடிமகனே என்பதை மறவாதிருத்தல் அனைவரின் கடமை.