எந்த ஸ்டேஜ்?

வீட்டு விலாசத்திலிருந்து ராக்கெட் வரை பெங்களூரில் எங்கும் புழங்கும் ஒரு ஆங்கில வார்த்தை, ஆஸ்பத்திரியில் மட்டும் ஆளைக் கலங்கடிக்கிறது.

பெங்களூரில் ஒருவர் பனசங்கரி 2வது ஸ்டேஜில் குடியிருக்கலாம். காலையில் பஸ் ஏறி, ஸ்டேஜ் கணக்குப்படி டிக்கெட் வாங்கிக்கொண்டு, ராக்கெட்டின் மூன்றாவது ஸ்டேஜ் பற்றிப் பேசும் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகலாம். மாலையில் ஸ்டேஜில் நாடகம் பார்க்கலாம். நாள் முழுக்க இந்த வார்த்தையோடு புழங்கினாலும் அவருக்கு அதில் குழப்பம் வராது. கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் "தேர்ட் ஸ்டேஜ்" என்று சொல்லும்போதுதான் கை கால் ஓடாது.

1973ல் தொடங்கிய கித்வாய் ஆஸ்பத்திரிக்குக் கர்நாடக மாவட்டங்களிலிருந்து மட்டுமல்ல, எல்லை தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று பல மொழி பேசும் இந்தக் கூட்டத்துக்குப் பொதுவாக இருப்பது சில ஆங்கில வார்த்தைகள்தான். அவற்றில் முக்கியமானது ஸ்டேஜ். எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை என்று நினைப்பதால், அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. தொல்லை ஆரம்பமாவது அங்கேதான்.

நிற்கிற இடம்

வார்த்தையின் பூர்வீகம் சுவாரசியமானது. லத்தீனில் 'நிற்பது' என்று பொருள் தரும் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ஸ்டேஜ். ஸ்டேஷன், ஸ்டேட் எல்லாம் இதே குடும்பம். தமிழில் 'நில்' என்பதிலிருந்து நிலை, நிலையம் பிறந்தது போலத்தான். ஆள் நிற்கிற பலகை மேடையானது. ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிற மாடியைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'எதாஜ்' என்கிறார்கள். பழைய இங்கிலாந்தில் குதிரை வண்டி ஓரிடத்தில் நின்று குதிரை மாற்றும். அப்படி இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரமும் ஒரு ஸ்டேஜ்.

அந்தக் குதிரை வண்டியின் வாரிசுதான் இன்றைய டவுன் பஸ். பயணம் முழுவதற்குமோ, ஸ்டேஜ் ஸ்டேஜாகவோ ஆளுக்குத் தனித்தனியே கட்டணம் வாங்கும் வண்டியை இந்தியாவின் 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 'ஸ்டேஜ் கேரியேஜ்' என்றே அழைக்கிறது. இங்கே ஸ்டேஜ் என்பது தூரம். ஒன்று முடிந்தால் அடுத்தது நிச்சயம் வரும். கடைசி ஸ்டேஜில் எல்லோரும் இறங்கியாக வேண்டும்.

எண் கூடினால் இளமை

நகரத்தின் ஸ்டேஜ் வேறு ரகம். 1945ல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் போர்டும், 1976ல் அதன் இடத்துக்கு வந்த பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் நிலத்தைக் கையகப்படுத்தி, மனை பிரித்து, லேஅவுட் போட்டன. ஒரே பெயரில் அடுத்தடுத்துப் பிரித்தபோது முதல் ஸ்டேஜ், இரண்டாவது ஸ்டேஜ் என்று எண் கொடுத்தார்கள். பனசங்கரி இப்படி ஆறாவது ஸ்டேஜ் வரை நீண்டுவிட்டது. இங்கே எண் கூடக் கூட வயது குறைவு. ஆறாவது ஸ்டேஜ் வந்துவிட்டதால் முதல் ஸ்டேஜுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அதுபாட்டுக்கு அங்கேயே இருக்கிறது.

இதிலும் ஒரே சீர் கிடையாது. இந்திரா நகருக்கும் பி.டி.எம். லேஅவுட்டுக்கும் ஸ்டேஜ், ஜெயநகருக்கும் கோரமங்களாவுக்கும் பிளாக், ஜே.பி. நகருக்கு ஃபேஸ். கன்னடப் பலகைகள் ஸ்டேஜையும் ஃபேஸையும் 'ஹந்த' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றன. 2004ல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா நாடக அரங்கம் இருப்பது ஜே.பி. நகர் 2வது ஃபேஸில். நிஜமான ஸ்டேஜ் உள்ள இடத்தின் விலாசத்தில் ஸ்டேஜ் இல்லை.

கழன்று விழுவதே வேலை

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமையகமும் பெங்களூரில்தான். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு நான்கு ஸ்டேஜ்கள். முதலாவது சுமார் 138 டன் திட எரிபொருள் கொண்ட பூதம். நான்காவதில் இருப்பது அதிகபட்சம் இரண்டரை டன் திரவ எரிபொருள்தான். ஒவ்வொன்றும் எரிந்து முடிந்ததும் கழன்று விழ வேண்டும். விழாவிட்டால் மேலே இருப்பதற்கு வீண் சுமை. கடைசி ஸ்டேஜை எட்டுவது இங்கே நல்ல செய்தி. செயற்கைக்கோளைப் பாதையில் கொண்டுபோய் விடுவது அதுதான். வேலை முடிந்த நான்காவது ஸ்டேஜையே பூமியைச் சுற்ற வைத்து, சிறு ஆய்வுக் கருவிகளுக்கு இருப்பிடமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் வரிசை தவறினால் எல்லாம் போச்சு. 2025 மே 18 அன்று புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி61ன் மூன்றாவது ஸ்டேஜில் கோளாறு ஏற்பட்டது. முதல் இரண்டும் சரியாக வேலை செய்தும் செயற்கைக்கோள் போய்ச் சேரவில்லை.

பணம் போடுகிறவர்களின் அகராதியோ நேர் எதிர். புதிதாக முளைத்த கம்பெனி 'ஏர்லி ஸ்டேஜ்'; போட்ட பணம் திரும்புமா என்பது சந்தேகம். பங்குச் சந்தைக்குத் தயாராகும் கம்பெனி 'லேட் ஸ்டேஜ்'. ஆபத்து கொஞ்சம் குறைவு. இதே இரண்டு வார்த்தைகளும் ஆஸ்பத்திரியில் தலைகீழாகிவிடும்.

பஸ் கணக்கு உதவாது

புற்றுநோய்க்கு ஸ்டேஜ் குறிக்கும் முறைகளில் உலகெங்கும் அதிகம் புழங்குவது டி.என்.எம். முறை. பிரெஞ்சு மருத்துவர் பியர் தெனுவா 1940களில் உருவாக்கத் தொடங்கியது இது. கட்டி எவ்வளவு பெரியது அல்லது எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது, பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளின் பதிலைச் சேர்த்து ஒன்று முதல் நான்கு வரை ஒரு எண் தருகிறார்கள். எந்தச் சிகிச்சை, எந்த வரிசையில் என்று முடிவு செய்யவும், ஒரே மாதிரி நோயாளிகளை ஒப்பிடவும் டாக்டர்களுக்கு அந்த எண் தேவை.

குடும்பத்தார் காதில் அது பஸ் ஸ்டேஜாக விழுகிறது. இரண்டாவது என்றால் அடுத்தது மூன்று. மூன்றாவது என்றால் இன்னும் ஒன்றுதான் பாக்கி. 'இதற்கு மேல் எதற்கு நிலத்தை விற்க வேண்டும்?' என்று சிகிச்சையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. 'முதல் ஸ்டேஜ்தானே, அறுவடை முடியட்டும்' என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, குணமாகும் வாய்ப்பைக் கைநழுவ விடுகிறவர்களும் உண்டு. இரண்டு தவறுக்கும் காரணம் ஒரே கணக்கு.

உண்மையில் இந்த எண் நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது இருந்த நிலவரத்தின் பதிவு. பிறகு நோய் குறைந்தாலும் பரவினாலும் பதிவேட்டில் அந்த முதல் எண் மாறுவதில்லை. மறுபடி சோதித்தால் அதைத் தனியாகக் குறிப்பார்கள். எண் எல்லா உறுப்புக்கும் ஒரே பொருள் தருவதும் இல்லை. விதைப்பைப் புற்றுநோய்க்கு நான்காவது ஸ்டேஜே கிடையாது. தைராய்டில் வரும் புற்றுநோய்களில் பரவலான இரண்டு வகைகளுக்கு வயதும் கணக்கில் சேரும்: நோயாளிக்கு 55 வயது ஆகவில்லை என்றால், நோய் நுரையீரல் வரை பரவியிருந்தாலும் இரண்டாவது ஸ்டேஜ்தான். அதே பரவல் 55 வயதைத் தொட்டவருக்கு வந்தால் நான்காவது.

சிறுநீரக நோயில் ஸ்டேஜ் ஐந்து வரை போகிறது. அங்கே எண்ணுவது பரவலை அல்ல, ரத்தத்தை வடிகட்டும் திறனை. சிறுநீரகத்தின் மூன்றாவது ஸ்டேஜில் வருடக்கணக்கில் நடமாடும் பெரியவர்கள் நிறைய. பக்கத்து வீட்டுக்காரரின் புற்றுநோய் 'தேர்ட் ஸ்டேஜை' நினைத்து அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் வரும் கிரேடு இன்னொரு குழப்பம். அது மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு மாறித் தெரிகின்றன என்பதைச் சொல்வது. கிரேடு 3 என்றால் மூன்றாவது ஸ்டேஜ் என்று அர்த்தமல்ல.

தமிழில் தனித்தனி

ஆங்கிலம் ஒரே வார்த்தையில் அடக்கியதைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. நாடகத்துக்கு மேடை. ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் ராக்கெட்டுக்கு அடுக்கு பொருத்தம். பிரெஞ்சுக்காரர்களும் ராக்கெட் ஸ்டேஜுக்கு மாடியைக் குறிக்கும் 'எதாஜ்' என்ற வார்த்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள். தேர்தலுக்கும் லேஅவுட்டுக்கும் கட்டம். முதல் கட்டம் என்றாலே அடுத்த கட்டம் வரப்போகிறது என்பது தமிழ்க் காதுக்குப் புரியும்.

அதனாலேயே நோய்க்குக் கட்டம் என்ற சொல் ஆகாது. 'கட்டம்' முன்னேறும், 'இறுதிக் கட்டம்' முடியும். 'நிலை' அப்படியல்ல. இப்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், அடுத்து என்ன என்று தீர்ப்பு எழுதாது. ஸ்டேஜுக்கும் நிலைக்கும் வேர்ப்பொருள் ஒன்றாகவே இருப்பது கூடுதல் வசதி.

சொல்லை மாற்றினால் நோய் மாறிவிடாது. நான்காவது நிலை என்பது கடுமையான நோய்தான். அதை மூடி மறைப்பது நோயாளிக்கு நல்லதல்ல. ஆனால் எண்ணைக் கேட்டதும் எழுந்து போய்விடாமல் மேலும் நாலு கேள்வி கேட்கலாம். எந்த உறுப்பில் ஆரம்பித்தது? எங்கெங்கே பரவியிருக்கிறது? சிகிச்சை குணப்படுத்தவா, கட்டுப்படுத்தி வைக்கவா? ஆரம்பிக்க எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது? நிலத்தை விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவுவது இவற்றுக்குக் கிடைக்கும் பதில்கள்தான். அவற்றில் ஒன்றுக்குக்கூட ஸ்டேஜ் என்ற வார்த்தை தேவைப்படாது.