பட்டிப்பூவும் தொண்ணூற்றாறு குழியும்

வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுப் பக்கம் ஒரு வேலியோரமா நிக்கிறன். இந்த றோஸ் நிறப் பூவைப் பாருங்க. பட்டிப்பூ. நித்தியகல்யாணி எண்டும் சொல்லுவாங்க.

போன கிழமை மாமி வாட்ஸ்அப்பில ஒண்டு அனுப்பினா. "இந்த இலையை அவிச்சுக் குடிச்சா கேன்சர் சாகும், ஆய்வுகூடத்தில நிரூபிச்சாச்சு." முழுப் பொய்யில்ல மாமி. ஆனா அரைக் கதை.

ஆய்வுகூடத்தில என்ன நடக்குது? இலையைக் காயவைச்சு இடிச்சு, தண்ணியிலயோ எத்தனோலிலயோ ஊறவைச்சுச் சாறு எடுப்பாங்க. பிறகு கையளவு பிளாஸ்டிக் தட்டு ஒண்டு. அதில 96 சின்னக் குழி. குழிகளில மனிசப் புற்றுநோய்ச் செல்லை வளர்த்து, சாற்றைக் கூட்டியும் குறைச்சும் விடுவாங்க. மறுகா மஞ்சள் சாயம். உயிரோட இருக்கிற செல் மஞ்சளை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. எவ்வளவு கொஞ்சச் சாற்றில ஊதா பாதியாகுதோ, சாறு அவ்வளவு வீரியம்.

சரி, சவுக்காரத் தண்ணி விட்டாலும் அந்தச் செல் சாகும்! வாவிக்கரைத் தில்லை மரம் தெரியும்தானே? அதின்ர பால் கண்ணில பட்டா என்னாகும் எண்டு தோணிக்காரரிட்டக் கேளுங்க. கொல்லுறது பெரிய வேலையில்ல. நல்ல செல்லை விட்டுட்டுக் கொல்லுதா? அதுக்குத்தான் சாதாரண செல்லையும் பக்கத்தில வைச்சுப் பாக்கோணும். இன்னொரு வில்லங்கமும் இருக்கு. சில சாறு, செல்லே இல்லாமச் சாயத்தை ஊதாவாக்கிப் போடும். செல் இல்லாத குழியொண்டு வைக்காத ஆய்வை நான் நம்பமாட்டன்.

நம்மட நாட்டில ஒரு பரம்பரை வைத்தியக் குடும்பம் புற்றுநோய்க்குக் குடுத்து வந்த கசாயம் ஒண்டு இருக்கு. கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிக்கிழங்கு வகையொண்டு. பேராசிரியர் ஐரா தப்ரூவும் கூட ஆய்வு செய்தவங்களும் அதைக் கசாயமாவே எடுத்தாங்க. 2003இல வெளிவந்த ஆய்வில, எலியின்ர ஈரலில புற்று தொடங்குற அடையாளங்கள் அதால குறைஞ்சதைக் காட்டினாங்க. 2005இல மனிச ஈரல் புற்றுநோய்ச் செல்லையும் அது கொல்லுறதைக் காட்டினாங்க. குழியில மட்டுமில்லாம எலியிலயும் பார்த்தாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. எண்டாலும் எலி எலிதான்.

இப்ப பட்டிப்பூவுக்கு வருவம். 1952இல ஜமேக்காவில இருந்து 25 இலை கனடாவுக்குத் தபாலில வந்திச்சு. ஜமேக்காவில சலரோகத்துக்கு இதை அவிச்சுக் குடிப்பாங்களாம். கனடா ஆய்வாளர் றொபேட் நோபிள் எலிக்குக் குடுத்துப் பார்த்தார். சீனி குறையவே இல்ல. சரி, ஊசியா ஏத்துவம் எண்டு ஏத்தினார். எலிகள் கிருமி தொற்றிச் செத்துப் போச்சு. ஏனெண்டு பார்த்தா, வெள்ளை அணுக்கள் விழுந்திருக்கு. வெள்ளை அணுவை விழுத்துற சாமான் இரத்தப் புற்றுநோய்க்கு உதவாதா? தேடினது சலரோக மருந்து, கிடைச்சது வேறொண்டு! கூட ஆய்வு செய்த சார்ள்ஸ் பியரோட சேர்ந்து 1958இல வின்பிளாஸ்டின் எண்ட மருந்தைப் பிரிச்செடுத்தார். இதே செடியின்ர வின்கிறிஸ்டினை இண்டைக்கும் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு நரம்பில ஏத்துறாங்க.

நரம்பில, மாமி. வாயில இல்ல. இலை நஞ்சு வேற. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ஞ்ச இலை வேணும். உங்கட சட்டி எவ்வளவு பெரிசு?