விழிவெண்படல ஒட்டு

கண்ணின் கதிராளிக்கு முன்னே கண்ணாடிபோல் அமைந்த விழிவெண்படலம் நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அது மங்குமாயின், ஏனைய உறுப்புக்கள் பழுதின்றியிருந்தும் பார்வை கெடும். 1905ஆம் ஆண்டு திசெம்பர் 7ஆம் நாள், மொறேவியாவின் ஒலமூட்சு நகரில் எட்வார்ட் சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பினாற் கண்ணிரண்டும் வெந்த தொழிலாளி ஒருவருக்கு, ஒரு சிறுவனின் அகற்றப்பட்ட கண்ணிலிருந்து படலத்தை எடுத்து ஒட்டினார். ஒரு கண்ணில் ஒட்டுத் தெளிவாக நிலைத்தது, மற்றையதிற் பயன்படவில்லை. ஒன்று நிலைக்க மற்றொன்று கெடுவது ஏன் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

விடையின் பெரும்பகுதி, படலத்தின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாய் அமைந்த கலங்களிலே தங்கியுள்ளது. படலத்துட் புகும் நீரை இடையறாது வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருப்பவை இவையே. மனிதரில் இவை இறந்தால் அவ்விடத்திற் புதியன பெருகுவதில்லை. எஞ்சியவை விரிந்து இடத்தை நிரப்பும். அவை மிகக் குறைந்துவிடின் படலம் வீங்கி மங்கும்.

முழுத்தடிப்பு ஒட்டில், நோயுற்ற வட்டத் துண்டு முற்றாக வெட்டியகற்றப்பட்டு, இறந்தவரின் படலத்துண்டு மயிரினும் நுண்ணிய நைலோன் இழையினால் தைக்கப்படும். தையல்கள் ஒத்த விசையோடு இழுப்பது அரிது. ஆதலின் வளைவு கோணிப் பார்வை சிதைவதுண்டு. காயமும் பழைய வலிமையைப் பெறுவதில்லை. பல்லாண்டு கழிந்தும் ஓர் அடியினால் அது பிளந்துவிடலாம். ஐக்கிய அமெரிக்காவில், பெரும்பாலும் உட்கலங்கள் நோயுற்றோரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வின்படி, 65 வயதுக்கு மேற்படாதோர் வழங்கிய ஒட்டுக்களில் நூற்றுக்கு 77 பத்தாண்டுகளின் பின்னரும் நிலைத்திருந்தன. 66 முதல் 75 வயது வரையுள்ளோர் வழங்கியவற்றில் இத்தொகை 71. எண்கள் மகிழ்ச்சி தருவனவே. ஆயின் அவ்வாறு நிலைத்த ஒட்டுக்களிலும் உட்கலங்களில் முக்காற் பங்கிற்கு மேல் அழிந்திருந்தமை கருதத்தக்கது. முதியவருக்குப் போதுமான ஒட்டு, இருபது வயதினருக்குப் போதுமானதன்று.

கூம்புருவாய்ப் படலம் துருத்தும் நோய் இளைஞரையே பெரிதும் தாக்குவது. அவர்தம் உட்கலங்களோ பழுதற்றவை. அவற்றை ஏன் வெட்டியெறிதல் வேண்டும்? முற்பகுதியை மட்டும் மாற்றும் முறை இவ்வினாவினின்றே வலுப்பெற்றது. 2002இல் அன்வரும் தைக்மானும் விவரித்தவாறு வளியைச் செலுத்தி உட்படையைப் பிரித்தெடுப்பர். சொந்த உட்கலங்கள் எஞ்சுவதால் அவற்றை உடல் அந்நியமென எதிர்க்கும் இடர் இல்லை. உட்படை கிழிந்துவிடின் முழுத்தடிப்பு ஒட்டுக்கே திரும்ப நேரும்.

உட்கலங்களே நோயுற்றோர்க்கு மறுதலையான வழி உண்டு. ஒல்லாந்து வைத்தியர் மெலஸ் வகுத்த முறையில், மில்லிமீற்றரின் நூறிலொரு பங்களவான உட்படை மட்டும் கண்ணுள் இடப்பட்டு வளிக்குமிழியால் ஒட்டவைக்கப்படும். சுருளும் இயல்புடைய அதனை விரித்தல் கைத்திறனைச் சோதிப்பது. நோயாளியும் மல்லாந்து கிடத்தல் வேண்டும். 2012இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், இரண்டாண்டுகளுள் எதிர்ப்பு நேரும் வாய்ப்பு இம்முறையில் நூற்றுக்கு 1, முழுத்தடிப்பில் 18. எனினும் கலவிழப்பு இதிலும் உண்டு; படலத்தின் நடுப்பகுதியில் ஆழ்ந்த தழும்பிருப்பின் இம்முறை உதவாது.

ஹட்சன் சில்வா முன்னின்று நடத்திய கண்தான இயக்கம் 1964இல் இலங்கையிலிருந்து சிங்கப்பூருக்குப் படலங்களை அனுப்பிற்று. அந்நாளில் ஒரு படலம் ஒருவருக்கே பயன்பட்டது. இன்றோ தேர்ந்த சத்திரவைத்தியர் அதனைப் பிரித்து, முற்பகுதியைக் கூம்புநோயுற்ற இளைஞருக்கும் உட்படையை முதியவர் ஒருவருக்கும் ஒட்டவல்லர்.