நம் உடம்பும் ஊர் நன்மையும்



திரிங்காப் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழும் நாம், நோய் முற்றினால் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போகிறோம். அங்கே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், என்ன ஏது என்று கேளாமல் போட்டு விடுகிறோம். நம் சம்மதம் இல்லாமல் நமக்கு வைத்தியம் செய்யலாமா? நம் நாட்டு வரலாறு ஒன்றைப் பார்ப்போம்.

பகாங் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் 1926 ஆம் ஆண்டு தொழுநோயாளர் சட்டம் வந்தது. நோய் கண்டவர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க அது வழி செய்தது. 1930 இல் சிலாங்கூரில் சுங்கை பூலோ குடியிருப்புத் திறக்கப்பட்டது. அது சிறையாக இராமல் கிராமமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் டிராவர்ஸ் விரும்பினார். சிறு வீடுகளும் கோயிலும் பள்ளியும் அங்கே இருந்தன. ஆனால் விரும்பியபோது வெளியே போகும் உரிமை இல்லை. அங்கே பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

அரசாங்கத்தின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அன்று நீரடிமுத்து எண்ணெயைத் தவிரச் சொல்லும்படியான மருந்து கிடையாது. ஆனால் கட்டாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிடித்துக்கொண்டு போய் விடுவார்கள் என்று பயந்தவர்கள் நோயை மறைத்தார்கள். மறைத்த நோய் முற்றி, கை விரல்களைத் தின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாப்சோன் மாத்திரை வந்தது. 1981 இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று நோயாளி வீட்டிலிருந்தே குணமடைகிறார். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குத் தொற்றாது.

ஆகவே, கட்டாயம் என்று யாராவது சொன்னால் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பிறருக்கு உண்மையிலேயே ஆபத்து உண்டா? இதைவிட இலேசான வழி இல்லையா? எவ்வளவு காலத்துக்கு, அதுவரை குடும்பத்தை யார் காப்பது?

தொற்று நோயாளிகளைத் தனிமைப்படுத்த 1988 ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இடம் தருகிறது. 2020 இல் கொரோனா பரவியபோது அது பயன்பட்டது. அது வேண்டியதுதான். நம் உரிமை நம் உடம்போடு நிற்கிறது. நம் இருமல் அடுத்த வீட்டுக்கும் போகிறது. காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

ஆனால் அறுவைச் சிகிச்சையோ கருத்தடையோ நம் உடம்பைப் பற்றியது. முடிவும் நம்முடையதே. அபாயங்களை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது டாக்டரின் கடமை என்று 2006 இல் நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நினைவு தப்பிய அவசர வேளை வேறு.

ஆகையால் அடுத்த முறை தாளை நீட்டினால், "இது எதற்கு ஐயா? செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன?" என்று கேளுங்கள். மொழி விளங்கவில்லை என்றால் தமிழ் தெரிந்தவரை அழைக்கச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. விளங்கிய பிறகு போடுவதுதான் கையெழுத்து.