இதயமும் இனமும்

'இனம்' என்றால் பிறப்பினால் அமைந்த மக்கட்கூட்டம் என்றே இக்காலத்தார் பொருள் கொள்வர். திருக்குறளிற் 'சிற்றினஞ்சேராமை' என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் வேறொரு பொருளையும் அறிவர். ஆண்டு இனம் என்றது ஒருவன் கூடி வாழும் கூட்டத்தை. ஆகவே, பிறப்பால் வந்த இனம் ஒன்று. சேர்க்கையால் வந்த இனம் மற்றொன்று. இவ்விரண்டனுள் எது மனிதனின் இதயத்தைக் கெடுக்கின்றது? இவ்வினா இன்று மருத்துவ உலகின் பெருவினாக்களுள் ஒன்றாய் நிற்கின்றது.

நம்மூரவர் 'பிறசர்' என்னும் குருதியமுக்கத்தின் கதையை முதலிற் காண்போம். 1898ஆம் ஆண்டு, சுவீடன் தேசத்தில் திகர்ஸ்ரெட், பேர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலின் குருதியிற் செலுத்தினர். அமுக்கம் ஏறக் கண்டனர். அதற்குக் காரணமான பொருளுக்கு ரெனின் எனப் பெயரிட்டனர். ரெனின் தானே அமுக்கத்தை ஏற்றுவதன்று. ஈரலிற் பிறந்து குருதியில் வரும் ஒரு புரதத்தை அது வெட்ட, அத்துண்டு பின்னும் மாறி அஞ்சியோரென்சின் ஆகின்றது. அது குருதிக் குழாய்களைச் சுருக்கும். சிறுநீரகத்தின்மேல் அமர்ந்த சுரப்பியை ஏவி அல்டொஸ்தெரோன் என்னும் ஓமோனைச் சுரப்பிக்கும். அவ்வோமோன் உப்பை வெளியேற விடாது தடுக்கும். உப்பு நின்றவிடத்து நீரும் நிற்கும், அமுக்கம் ஏறும். அமுக்கம் நெடுநாள் ஏறி நிற்பின் இடது இதயவறையின் சுவர் தடிக்கும். தசையிடையே நார் படியும். ஈற்றில் இதயம் சோரும்.

இனிப் புதிருக்கு வருவோம். அமெரிக்காவின் கறுப்பின மக்களிடம் ரெனின் சராசரியிற் குறைவு. ஆயினும் அவர்தம் இதயச்சுவர் தடிப்பது வெள்ளையரினும் மிகுதி. ரெனின் தாழ்ந்திருந்தும் அல்டொஸ்தெரோன் அதற்கேற்பத் தாழ்வதில்லை. 'இது பிறப்பின் குற்றம்' என்று பலர் விரைந்து முடிவு கட்டினர். தம்மைக் கறுப்பினத்தவர் எனச் சொல்லுவோர்க்கென்றே ஓர் இதய மருந்துக்கு 2005இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

அம்முடிபு நிற்குமா? அமேசன் காட்டு யனோமாமி மக்களைப் பாருங்கள். அவர்கள் உப்பிட்டு உண்ணாதவர். 1975இல் வெளிவந்த ஆய்வு, அவரிடத்து ரெனினும் அல்டொஸ்தெரோனும் மிகவுயர்ந்திருப்பதைக் காட்டிற்று. ஓமோன்தான் பகையெனின் அவரது அமுக்கம் வானளாவ வேண்டும். 1988இல் வெளிவந்த உலகளாவிய உப்பாய்விலோ, அவரது சராசரி அமுக்கம் ஏறத்தாழ 96க்கு 61 மாத்திரமே. எலிகளிடத்துச் செய்த சோதனையும் இதற்கு அரண் செய்கின்றது: அல்டொஸ்தெரோனை உப்பு மிகுந்த உணவோடு செலுத்த இதயத்தில் நார் படிந்தது, உப்புக் குறைந்த உணவோடு செலுத்தப் படியவில்லை. கெடுப்பது ஓமோன் மட்டுமன்று. ஓமோன் சேர்ந்த சேர்க்கை.

மேற்கு ஆபிரிக்க வழிவந்த மக்களை மூன்று நிலத்தில் ஆராய்ந்து கூப்பர் என்பாரும் பிறரும் 1997இல் எழுதினர். உயர் குருதியமுக்கம் மேற்கு ஆபிரிக்காவில் நூற்றுக்கு 16 பேருக்கு, கரீபியன் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. வழி ஒன்று, வாழ்வு வேறு, நோயும் வேறு. அமெரிக்காவில் நால்வேறு இனத்தவர் 6,814 பேரை 2000ஆம் ஆண்டு முதல் தொடர்ந்த ஆய்வு, இதயச் சோர்வு கறுப்பினத்தவர்க்கே மிகுதியாக வரக் கண்டது. எனினும் குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் கணக்கிற் கொண்டபோது, இனத்தால் விளைந்ததாகத் தோன்றிய வேறுபாடு பெரிதும் மறைந்தது என 2008இல் அறிவித்தது.

பிறப்பிற்குப் பங்கே இல்லை என்பது எம் கருத்தன்று. உப்பைக் கையாளும் திறன் ஆளுக்காள் வேறுபடும். அதிற் குலவழிக்கும் இடமுண்டு. ஆயினும் நிறத்தை நோக்கி மருந்து தருவதினும், அவரவர் குருதியில் ரெனினையும் அல்டொஸ்தெரோனையும் அளந்து தருவது செம்மையுடைத்து. அல்டொஸ்தெரோனின் செயலைத் தடுக்கும் பழைய மருந்தொன்று, கடும் இதயச் சோர்வுற்றோரிடை இறப்பை நூற்றுக்கு 30 அளவிற் குறைத்ததென 1999இல் நிறுவப்பட்டது.

'இஃது எம் இரத்தத்தில் ஊறியது' என்றிருப்பவன் முயற்சியைக் கைவிடுவான். அவனை ஆள்வோரும் அவ்வுரையைச் சாக்காகக் கொண்டு, மலிவு விலைக்கு விற்கும் உப்புணவையும் வறுமையையும் மருத்துவமனை இல்லாத தெருவையும் மறந்துவிடுவர். பிறந்த இனத்தை எவராலும் மாற்றல் இயலாது. சேர்ந்த இனத்தை மாற்றலாம். மருத்துவ ஏட்டில் 'இனம்' என்னுஞ் சொல் வருமிடந்தோறும், 'ஐயா, இவ்விரண்டில் எந்த இனம்?' என்று கேட்க நம் மாணவர் பழகுவாராக.