சிதைப் புகை தின்னும் இதயங்கள்

2,668 அடி உயர மலையில் ஏற்றும் தீபத்தை ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. அதே மலையடிவாரத்தில், ஈசான்ய லிங்கத்தை ஒட்டிய சுடுகாட்டில் எரியும் நெருப்பை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் சிதை நெருப்பின் பக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் நம் மக்கள்தான்.

விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே சேறு பூசி மூட்டம் போடுவது நம் பக்கத்து வழக்கம். காற்று குறைவாகப் போவதால் சிதை மணிக்கணக்கில் கனன்று எரியும், புகையும் அதிகம். கொள்ளி வைத்தவர்கள் திரும்பிப் பாராமல் போய்விடுவார்கள். எரிந்து முடியும்வரை காவல் இருப்பவர் மயானப் பணியாளர்.

புகை என்றால் இருமல், மூச்சிரைப்பு என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அது இதயத்தையும் தாக்கும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் நுரையீரலைத் தாண்டிப் பாதிப்பை ஏற்படுத்துகின்றன. ரத்தக் குழாய்கள் வீங்கித் தடிக்கின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். இது ஒருநாளில் தெரியாது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்து நிற்கும். வீட்டு அடுப்புப் புகையால் மட்டும் உலகில் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களில் 32 சதவீதம் பேர் இதய ரத்தக்குழாய் அடைப்பால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

மயானப் பணியாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலோ, ‘குடித்தே செத்தான்’ என்று ஊர் ஒரே வரியில் முடித்துவிடும். குடியும் இதயத்தைக் கெடுக்கும்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் அவர் குடித்த புகையை யார் கணக்கில் வைத்தார்கள்?

பட்டியல் சாதியினரைப் பிணம் அப்புறப்படுத்தவோ குழி தோண்டவோ வைப்பது 2016 ஜனவரி முதல் அமலில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பல ஊர்களில் இது இன்றும் ‘ஊர் வழக்கம்’ என்ற பெயரில் தொடர்கிறது. சம்பளம் கிடையாது, சாவு வீட்டார் கொடுப்பதுதான் கூலி.

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாகிவிட்டது. நாம் கேட்பது இவைதான்: மயான வேலை சாதிக் கடமையாக இல்லாமல் சம்பளமுள்ள அரசுப் பணியாக வேண்டும். விறகுச் சிதைக்கு மாற்றாகப் புகைபோக்கியுள்ள எரிவாயுத் தகன மேடைகள் ஒன்றிய அளவிலும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. பரிசோதனை வேண்டும். என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதை மட்டும் கொடுத்துக் கைகழுவக் கூடாது.

இதற்கிடையே, புகையில் வேலை செய்யும் நம்மவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வரும்போது ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.